ஊசி வைத்தியம்: எந்த வலிக்கு, எது வரைக்கும்?

சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை என்று நம் பக்கத்துக் கடைத்தெருக்களில் இப்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்புக்கும் செல்போன் கடைக்கும் நடுவே 'அக்குபங்சர்' என்று ஒரு போர்டு கண்ணில் படுகிறது. 'மருந்தில்லா வைத்தியம், பக்க விளைவு கிடையாது' என்று கீழே எழுதியிருக்கும். சில போர்டுகளில் முட்டி வலியில் ஆரம்பித்து சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா, குழந்தையின்மை, கான்ஸர் வரைக்கும் மளிகை லிஸ்ட் மாதிரி ஒரு நீளப் பட்டியல்!

இதைப் பார்த்ததும் பெண்களுக்குள் இரண்டு கட்சி. "ஊசி குத்தினா வலி வரும், போகுமா என்ன?" என்று சிரிப்பவர்கள் ஒரு கட்சி. "இங்கிலீஷ் மருந்தே வேணாம், எல்லாத்துக்கும் இது போதும்" என்பவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. சில வலிகளுக்கு இந்த ஊசி நல்ல துணை. ஆனால் துணை என்றால் துணைதான். வியாதி என்ன என்று கண்டுபிடிக்கிற வேலையையும், சாப்பிட்டு வருகிற மாத்திரையின் வேலையையும் அது செய்யாது. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

நம் ஊர் வலிகள்

இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நாற்று நட்டு இடுப்பு வலித்தது. இப்போது அவர்கள் பெண்களுக்கு ஷிப்டில் நின்று நின்று கெண்டைக்கால் வலிக்கிறது. விடிவதற்குள் எழுந்து கம்பெனி பஸ் பிடிக்கிறார்கள். சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வேலையில் இருக்கிறவர்களுக்கு விரல் மரத்துப்போகிறது, கழுத்து இறுகிப்போகிறது. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்க முடியாமல் தலைவலி. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்குகிற அளவுக்கு ஒரு பெரிய விடுதியே திறந்தார்கள் என்றால், இங்கே எத்தனை பெண்கள் வேலைக்கு வருகிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருக்கும் நமக்கு மட்டும் என்ன குறைச்சல்? குழந்தையை இடுப்பில் தூக்கி, தண்ணீர் கேன் தூக்கி, குனிந்து பெருக்கி... வலி இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் நாம் செய்வது என்ன? மெடிக்கல் ஷாப்பில் போய் "இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். டைக்ளோபெனாக் மாதிரியான வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நாள் கணக்கில், அதுவும் வெறும் வயிற்றில் விழுங்கினால், வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். அதனால் 'மாத்திரை இல்லாமல் வலி குறையுமா?' என்று ஒரு பெண் கேட்பது நியாயமான கேள்வி.

சீனாவிலிருந்து கல்கத்தாவுக்கு

இது சீனாவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக இருந்துவரும் வைத்தியம். உடம்பில் 'சி' என்ற உயிர்ச்சக்தி சில பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய் என்பது அவர்களுடைய சாஸ்திரம். அந்தப் பாதைகளில் 361 புள்ளிகள் வகுத்திருக்கிறார்கள்.

நம் தேசத்துக்கு இது வந்த கதையும் சுவாரசியமானது. 1938-ல் ஜப்பான் படையெடுப்பில் தவித்த சீனாவுக்கு உதவ இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களில் ஷோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே காலமானார். அவருடன் போன டாக்டர் விஜய் குமார் பாசு ஊர் திரும்பினார். பிறகு மறுபடியும் சீனா போய் இந்த ஊசி வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு, 1959-ல் கல்கத்தாவில் ஆரம்பித்து வைத்தார்.

மேல்நாட்டில் இது பிரபலமானது 1971-ல். அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங் போன இடத்தில் குடல்வால் ஆபரேஷன் செய்துகொள்ள நேர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு உப்பி வேதனைப்பட்டபோது, முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி வைத்தார்கள். சுகம் கிடைத்தது என்று எழுதினார். 'மயக்க மருந்தே இல்லாமல் ஊசியிலேயே ஆபரேஷன் செய்தார்கள்' என்று இந்தக் கதையைச் சிலர் மாற்றிச் சொல்வார்கள். அது சரியல்ல. ஆபரேஷன் வழக்கமான மருந்து கொடுத்துத்தான் நடந்தது.

ஊசி என்றால் பயமா?

காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி மாதிரி இல்லை இது. அதில் மருந்து போக நடுவில் துவாரம் இருக்கும், அதனால் பருமன். அக்குபங்சர் ஊசியில் துவாரமும் இல்லை, மருந்தும் இல்லை. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், கால் மில்லிமீட்டர் அளவு. படுக்க வைத்து, பத்துப் பதினைந்து இடங்களில் குத்தி, இருபது நிமிஷம், அரை மணி அப்படியே விட்டு எடுப்பார்கள். குத்திய இடத்தில் கொஞ்சம் பாரம், விறுவிறுப்பு தெரியும். வாரம் ஒன்றிரண்டு தடவையாக ஆறிலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டியிருக்கும்.

எங்கள் மாமியாருக்கு ரொம்ப நாளாக முட்டி வலி. இயற்கை மருத்துவம் படித்த ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஊசி டப்பாவைப் பார்த்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டவர், நாலைந்து ஊசி வைத்த பிறகு, "ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். "முடியப் போவுது அத்தை" என்றேன். அந்த டாக்டர் முதல் நாள் ஊசியையே தொடவில்லை. எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பி.பி. மாத்திரையில் கை வைக்கவில்லை. எட்டு தடவை போனோம். 'பறந்து போச்சு' என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி வலியில் புரண்டுகொண்டிருந்தவர் தூங்கினார். பிடித்துக்கொள்ளாமல் கோயில் வரைக்கும் நடந்தார். படி ஏறுவது மட்டும் இன்றைக்கும் கஷ்டம்தான். தேய்ந்த எலும்பை ஊசி வளர்த்துவிடாது அல்லவா?

வலி எப்படிக் குறைகிறது?

கதவில் முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே என்ன செய்கிறோம்? அந்த இடத்தைப் பரபரவென்று தேய்த்துவிடுகிறோம். வலி கொஞ்சம் அடங்குகிறது. தேய்க்கிற உணர்ச்சி நரம்பு வழியாகப் போய், வலிச் செய்தி மூளைக்கு ஏறுகிற வாசலைப் பாதி சாத்திவிடுகிறது என்று 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்னார்கள். ஊசியும் ஒரு விதத்தில் அந்த வேலையைச் செய்கிறது. தவிர, ஊசி குத்தும்போது வலியை மட்டுப்படுத்தும் எண்டார்ஃபின் என்ற பொருள் உடம்பிலேயே சுரக்கிறது என்று எழுபதுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது. முறையான புள்ளியில் ஊசி வைத்தவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கு நல்ல குணம். வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 27 பேருக்கு. அப்படியானால் ஊசிக்கு ஜெயம்தானே? பொறுங்கள்! மூன்றாவது பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடத்தில், மேலாக, பேருக்கு ஊசி வைத்தார்கள். அவர்களிலும் 44 பேருக்குக் குணம்!

ஆக, எந்தப் புள்ளி என்பதைவிட வேறு ஏதோ பாதி வேலையைச் செய்கிறது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒருவர் நம் வலியை உட்கார்ந்து கேட்கிறார். தொட்டுப் பார்க்கிறார். அரை மணி நேரம் 'அம்மா' என்று யாரும் கூப்பிடாமல் கண்ணை மூடிப் படுத்திருக்கிறோம். நம் வீட்டில் எத்தனை பெண்களுக்கு அந்த அரை மணி கிடைக்கிறது? ஊசிக்குக் காசு செலவழிக்கிறோமோ இல்லையோ, அந்த அரை மணி ஓய்வை வீட்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எதற்குப் போகலாம்?

*ஒற்றைத் தலைவலி:* அடிக்கடி வருகிறவர்களுக்கு இது நல்ல பலன் தருகிறது. ஏறக்குறைய 5000 பேர் பங்கெடுத்த 22 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, தலைவலி வரும் நாட்கள் குறைகின்றன, தடுப்பு மாத்திரைக்குச் சமமாகவே பலன் இருக்கிறது என்று 2016-ல் சொன்னார்கள்.

*நாள்பட்ட இடுப்பு, கழுத்து, முட்டி வலி:* எக்ஸ்ரே, டாக்டர் எல்லாம் பார்த்து, 'ஆபத்தான வியாதி இல்லை' என்று தெரிந்த பிறகு முயற்சி செய்யலாம். கூடவே உடற்பயிற்சியும் வேண்டும். ஐந்தாறு தடவையில் கொஞ்சம்கூட வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

*வாந்தி, குமட்டல்:* ஆபரேஷனுக்குப் பிறகு வரும் குமட்டலுக்கு, மணிக்கட்டுப் புள்ளி உதவுகிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. இதற்கு ஊசிகூட வேண்டாம். விரலால் அழுத்தினாலே போதும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இதெல்லாம் ஊசியை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள். சில இடங்களில் ஊசியே இல்லாமல், ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதற்கும் இந்தப் பலனைச் சேர்த்துக் கணக்குப் பண்ணிவிடக் கூடாது.

எதற்குப் போகக் கூடாது?

சர்க்கரை, பி.பி., தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா இதற்கெல்லாம் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி என்பது கூடவே கூடாது. 'மருந்தை விட்டால்தான் ஊசி வேலை செய்யும்' என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா அப்படி ஓர் இடத்தில் சொன்னதைக் கேட்டு நாலு மாசம் சர்க்கரை மாத்திரையை விட்டார். கட்டை விரலில் செருப்பு கடித்த சின்னப் புண் ஆறவில்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் அந்த விரலையே எடுக்கும்படி ஆனது. "வலியே தெரியலையே, அதனால சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும். அப்போது வலி இல்லாததே ஆபத்துக்கு அடையாளம்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களைத்தான் இந்தப் போர்டுகள் ரொம்ப இழுக்கின்றன. சீனாவிலேயே நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ். உள்ள 1000 பெண்களை வைத்துப் பார்த்து 2017-ல் முடிவு சொன்னார்கள். கருமுட்டை வளர மாத்திரை சாப்பிட்டவர்களில், ஊசி சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், நூற்றுக்கு 28, 29 பேருக்குக் குழந்தை பிறந்தது. அந்த மாத்திரை இல்லாமல் ஊசி மட்டும் போட்டவர்களில் 14 பேருக்குத்தான். ஊசி பிறந்த தேசத்தின் கணக்கே இது! வருஷத்தையும் பணத்தையும் இதில் கரைக்காதீர்கள், பெண்களே. கணவனும் மனைவியும் சேர்ந்து போய் டாக்டரைப் பாருங்கள்.

பிரசவத்துக்கு இது வேண்டவே வேண்டாம். கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில் 2024 பிப்ரவரியில், முன்பு சிசேரியன் ஆன ஒரு பெண்மணி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே பிரசவம் பார்க்க, தாயும் சிசுவும் இறந்துபோனார்கள். வைத்தியம் பார்த்த அக்குபங்சர்காரரைப் போலீஸ் கைது செய்தது. ஸ்கேனும், ரத்தம் ஏற்றும் வசதியும், ஆபரேஷன் அறையும் பக்கத்தில் இருக்கும் காலத்தில் அப்படி ஓர் உயிர் போகலாமா?

இந்த வலிகளுக்கு ஊசி இல்லை, ஆஸ்பத்திரிதான்

1. நெஞ்சு, இடது தோள், தாடை, முதுகு எங்கே வலித்தாலும் கூடவே வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் வெறும் முதுகு வலி, நெஞ்செரிச்சல் மாதிரியே வரும்.

2. இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ, ஒன்றுக்கு, இரண்டுக்கு அடக்க முடியாமல் போனாலோ.

3. இதுவரை வராத மாதிரி திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி. அல்லது தலைவலியோடு வாய் கோணல், கை கால் இழுப்பு.

4. கர்ப்பிணிக்குத் தலைவலி, முக வீக்கம், கண் மங்கல்.

5. ஒரு கால் கெண்டை மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால். முக்கியமாகப் பிள்ளை பெற்ற புதிதில்.

6. மாதவிலக்கு நின்றுபோன பிறகு மறுபடி ரத்தப்போக்கு. காரணமில்லாமல் எடை குறைவதோடு வலி.

யாரிடம் போவது, என்ன கேட்பது?

மத்திய அரசு 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஒப்புக்கொண்டது. அதற்காகப் போர்டு மாட்டிய எல்லாரும் ஒரே மாதிரி படித்தவர்கள் என்று அர்த்தமில்லை. பி.என்.ஒய்.எஸ். என்பது ஐந்தரை வருஷ இயற்கை மருத்துவப் படிப்பு. அதில் அக்குபங்சரும் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரகடத்துக்காரர்களுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செங்கல்பட்டு கிட்டம். அங்கேயும் அரசின் யோகா, இயற்கை மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். எங்கே போனாலும் கூச்சப்படாமல் இதையெல்லாம் பாருங்கள்:

ஊசி புதிதா? மூடிய பாக்கெட்டை நம் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றலாம்.

என்ன படித்திருக்கிறார்? கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் ஊசி வேண்டாம்.

முதலில் பழைய சீட்டுகளையும் டெஸ்டுகளையும் வாங்கிப் பார்க்கிறாரா? நாடி பிடித்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது என்பவரிடம் ஜாக்கிரதை.

இருபது தடவைக்கு முன்பணம் கேட்கிறாரா? கொடுக்காதீர்கள். அந்தந்தத் தடவைக்கு அந்தந்தக் காசு.

நாமும் சொல்ல வேண்டியது உண்டு. கர்ப்பமாக இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். குத்திய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம், கொஞ்சம் கன்றிப்போவது சகஜம். ஆனால் மார்பிலும் மேல் முதுகிலும் ஆழமாகக் குத்தினால், அபூர்வமாக நுரையீரலில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஊசி வைத்த பிறகு மூச்சு வாங்கினால் வீட்டுக்கு வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டிலேயே செய்துகொள்ள

*குமட்டலுக்கு:* உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு ரேகையின் மேல் மூன்று விரலைக் குறுக்கே வையுங்கள். மூன்றாவது விரல் முடிகிற இடத்தில், நடுவில் இரண்டு நரம்புக் கயிறு ஓடுவது தெரியும். அவற்றுக்கு இடையே கட்டை விரலால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்துங்கள். பஸ் பிரயாணத்திலும் மசக்கையிலும் செய்து பார்க்கலாம்; கெடுதல் இல்லை. மசக்கையில் எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

*தலைவலிக்கு:* கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதைப்பற்றை அழுத்திவிடுவார்கள். கர்ப்பிணிகள் இந்தப் புள்ளியைத் தவிர்க்க வேண்டும் என்பது ஊசி வைத்தியர்களின் வழக்கம்.

*நின்று வேலை செய்கிறவர்களுக்கு:* சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பதிய முப்பது எண்ணும் வரை நில்லுங்கள். பிறகு அடுத்த கால். வேலை நடுவே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணை மேல் உயர்த்திப் பதினைந்து நிமிஷம் படுங்கள். தட்டையான ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதிகாலுக்கு மெத்தென்ற செருப்பு வாங்குங்கள்.

*இடுப்புக்கு:* தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து பொறுக்கிற சூட்டில் ஒத்தடம். சர்க்கரைக்காரர்கள் காலுக்கு மட்டும் சூடு வைக்க வேண்டாம், தெரியாமல் கொப்பளித்துவிடும்.

*விரல் மரப்புக்கு:* தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டி கட்டிக்கொள்ளலாம். ஒரு மாசத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிற பெண்கள் அதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நம் சம்பளத்தில் பிடித்த பணம்தானே அது!

ஒரு வார்த்தை வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும். "இந்த வயசுல என்னடி வலி?" என்று சின்னப் பெண்களைக் கேட்காதீர்கள். வலிக்கிறது என்று அவள் சொன்னால், எங்கே, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். வைத்தியம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊசியா மாத்திரையா என்பது அதற்கு அப்புறம்.

அடுத்த இதழில், நின்றே வேலை செய்கிறவர்களுக்கு வரும் கால் நரம்புச் சுருட்டைப் பற்றிப் பார்ப்போம்.